பழுக்காத காய்

சேலம், 1938 கார்த்திகை

ஐயா அவர்களுக்கு, மகன் சென்னியப்பன் கும்பிட்டு அறிவிக்கும் மாபெரும் சேதி: எங்கள் விடுதிச் சமையல்காரரின் குழந்தைகள் இருவரும் பம்பரத்துக்காக அடித்துக்கொண்டு காய் விட்டார்கள். சோறு வேகுமுன் விரல் நீட்டிப் பழமும் விட்டார்கள்.

அம்மாவும் மாடுகளும் சுகமா? கிணற்றில் யார் முதலில் தண்ணீர் இறைப்பது என்று நீங்களும் சித்தப்பாவும் காய் விட்டு இரண்டு வருசமாச்சுங்க. என்ன காயுங்க அது, பழுக்கவே மாட்டேங்குது! பொடுசுகளைப் பார்த்தாவது கத்துக்குங்க. நீங்கள் சித்தப்பாவிடம் பேசினால்தான் நான் பொங்கலுக்கு வருவேன். என் தோலை உரித்தாலும் சரி.

அப்புறம், மாங்காய் ஊறுகாய் அனுப்புங்க. அறைத்தோழன் வெங்கடாசலத்துக்குக் கொடுக்கணும். அவன் படுக்கையில் தவளை விட்டேன். பத்து நாளாகப் பேச்சில்லை. அவனாக வரட்டும் என்று நானும் விரலை மடக்கியே வைத்திருக்கிறேனுங்க. உங்கள் மகனாச்சே!