வெறும் வயிற்றில் இருக்கவும்

பழங்காநத்தத்து வீட்டிலிருந்து காலை ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எஸ்தர், கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கணவருக்கு எழுதினாள். ஆரோக்கியநாதன் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். "கண்ணுக்குத் தெரியாத கடவுளை நான் எப்படி நம்புறது?" என்று நேற்று மாலை முழுக்க வாதாடிய மனிதர், மூன்று மாதமாகச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தார்.

"ஏழு மணிக்கு லேப்ல இருந்து ஒரு பொண்ணு ரத்தம் எடுக்க வரும். கதவைத் திறங்க. போன தடவை மாதிரி குளிக்கப் போறேன்னு உள்ள பூட்டிக்கிறாதீங்க. அதுவரைக்கும் காபி கூடாது. சீனி டப்பாவை ஒளிச்சு வச்சிட்டேன், தேட வேணாம். பெறகு ஹாட்பாக்ஸ்ல இருக்கிற இட்லியைச் சாப்பிடுங்க.

கர்த்தரை நம்பலைன்னா போங்க, அவரு கோவிச்சுக்க மாட்டாரு. அறிவியலையாச்சும் நம்புங்க. நான் ஒருத்தியே ரெண்டையும் எம்புட்டு நாளைக்கு நம்புறது?"

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "உங்க அண்ணனுக்கும் உங்களை மாதிரியே கால்ல ஆறாத புண்ணுலதான் ஆரம்பிச்சுச்சு. எனக்குப் பயமா இருக்கு."

சீட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுச் செருப்பை மாட்டியவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் எழுந்து வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். ஓரம்வரை படித்தார்.

"ஊசின்னாலே எனக்கும் பயம்தான் எஸ்தர்," என்றார் திரும்பாமலே. "கூட இருந்துட்டுப் போறியா?"

எஸ்தர் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள்.

"இதை மூணு மாசத்துக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"