ஆறரை மணிக்குச் சுத்தமாக இருந்த சாலை

ஸ்கார்விக்,
ஜனவரி 19

அன்புள்ள சுன்னீவா,

அப்பாவும் நானும் உடம்பில் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அமாயாவும் அங்கே அப்படியே இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீ போனில் அனுப்பிய நீளமான செய்தியை நான்கு முறை படித்தேன். அதற்குப் பதிலைப் போனிலேயே சொல்ல எனக்கு வராது, திரையில் உன் முகத்தைப் பார்த்தால் வானிலையைப் பற்றிப் பேசி முடித்துவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். உன்னோடு மீன்பண்ணையில் வேலை பார்க்கும் ஐவின் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் பையில் இதற்கும் ஒரு சிறு பொட்டலத்துக்கும் இடம் கேட்டிருக்கிறேன். ஆகஸ்டில் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு வந்துவிடலாமா, மஞ்சள் வீட்டில் இருந்துகொள்ளலாமா, அமாயா என்னிடமே முதல் வகுப்பு படிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வராதே என்பதுதான் என் பதில். பள்ளி இல்லை, சுன்னீவா. போன ஜூனிலேயே மூடிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று நீ கேட்டபோது எப்போதும்போல நடக்கிறது என்று சொன்னேன், அது பொய். அப்பாவைச் சொல்லவிடாமல் தடுத்ததும் நான்தான். மூடியதைச் சொன்னால் ஏன் மூடினார்கள் என்று நீ கேட்பாய், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

நீ அந்தத் தென்கோடி நாட்டுக்குப் போன மறுவருஷம் ஊர்க்கூடத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றி அப்போதே எழுதியிருந்தேன், நினைவிருக்கும். ஓஸ்லோவிலிருந்து ஓர் இளைஞன் வந்து சுவரில் படம் காட்டினான், காலி வீடுகளை வாங்கிச் செப்பனிட்டுப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கடலுக்கே போக வேண்டாம் என்றான். ஊரே வாஃபிள் தின்றுகொண்டு கேட்டது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், பனிக்காலத்தில் மலைச்சாலை மூடிக்கொண்டால் விருந்தாளி எப்படி வருவார் என்று. அவன் சிரித்துவிட்டு, 'அதெல்லாம் விசாரிச்சுட்டேங்க, உங்க ரோடு தினமும் காலைல ஆறரைக்கே பனி வழிச்சு சுத்தமா இருக்கு, இந்தப் பக்கத்துல வேற எந்த ஊருக்கும் இந்தக் குடுப்பினை இல்ல' என்றான். அப்பா என் விலாவில் இடித்து, 'கேட்டுக்கிட்டியா வாத்தியாரம்மா, உன் சந்தேகத்துக்கும் பரீட்சை வெச்சு பாஸ் பண்ணிட்டான்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சாலையை ஆறரைக்கு ஏன் வழிக்கிறார்கள் என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மலைச்சாலையோரப் பண்ணை வீட்டுப் பிள்ளைகளை என் பள்ளிக்கு ஏற்றிவரும் பேருந்துக்காகத்தான் வழிக்கிறார்கள். பதினெட்டு வருஷம் அந்தப் பேருந்து வந்து நிற்பதை ஜன்னலில் நின்று பார்த்தவள் நான், எனக்கே அது தோன்றவில்லை. அப்பா படகையும் மீன்பிடி உரிமையையும் ஹார்ட்விக்கின் மருமகனுக்கு விற்றார், நாங்கள் மஞ்சள் வீட்டோடு சேர்த்து மூன்று வீடுகள் வாங்கினோம். நான் மனதில்லாமல் கையெழுத்துப் போட்டேன் என்று நீண்ட நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மனதோடு போட்டாலும் இல்லாமல் போட்டாலும் கையெழுத்து ஒன்றுதான்.

முதல் மூன்று வருஷம் நன்றாகவே போயிற்று, அதை மறைக்கத் தேவையில்லை. கோடையில் நடுராத்திரிச் சூரியன், குளிரில் ராத்திரி வானத்தில் பச்சையாக ஆடும் வடக்கு ஒளி, எப்போதும் யாராவது வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நான் படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் போடுவேன், அப்பா சாவிப்பெட்டிகளின் எண்ணை மாற்றிவிட்டு வருவார். அவர்கள் எழுதிவிட்டுப் போகும் பாராட்டுகளை எனக்குப் படித்துக் காட்டுவார். ஊரில் ஆளே இல்லை, அற்புதம், ஐந்து நட்சத்திரம் என்று ஒரு ஜெர்மன் தம்பதி எழுதியிருந்தார்கள். இன்னொருவர், எல்லாம் சரி, ஆனால் வாசற்கதவில் யாரோ துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுப் போயிருந்தார்கள் என்று குறை சொல்லி ஒரு நட்சத்திரம் குறைத்திருந்தார். வீட்டில் ஆளில்லை என்பதற்கு நாம் அப்படி வைப்போம் என்று அவருக்கு யார் சொல்வது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

போன வருஷத்துக்கு முந்தைய வசந்தத்தில் ராசா என்ற லித்துவேனியப் பெண் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தாள். அவள் கணவன் விதேனிஸ் மீன் நிலையத்தில் வேலை பார்த்தான், மூன்று பிள்ளைகள், மூவரும் என் வகுப்புகளில்தான் இருந்தார்கள். நிலையத்துக்குக் கீழே ஈரமான ஓர் அறையில் குடியிருந்தார்கள், சின்னவனுக்கு இருமல் நிற்கவே இல்லை. மஞ்சள் வீட்டை வருஷம் முழுவதற்கும் வாடகைக்குக் கேட்டாள். செப்டம்பரிலிருந்து மே வரை தருகிறேன், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பதிவு ஆகிவிட்டது என்றேன். அவள் கோபப்படவில்லை. 'டீச்சர், அந்த மூணு மாசம் பசங்கள எங்க அடுக்கி வெக்கிறது, மீன் பெட்டியிலயா? ஐஸ் போட்டா கெடாம இருப்பாங்களா?' என்று கேட்டாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். நிஜமாகவே யோசித்தேன். அப்பா, 'வேற வீடு கிடைக்காமயா போயிடும்' என்றார், நான் கோடைப் பதிவுகளை அப்படியே விட்டுவிட்டேன். வேறு வீடு இருக்கவில்லை, மீதி வீடுகளும் எங்களைப் பார்த்து நாள் வாடகைக்குப் போயிருந்தன. ஆகஸ்டில் அவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பத்துப் பிள்ளைகள் ஏழானார்கள். பத்துக்குக் கீழே போனால் பள்ளியை நடத்துவதில்லை என்பது நகராட்சியின் பழைய முடிவு, அதை நானே எத்தனையோ பெற்றோருக்கு விளக்கியிருக்கிறேன்.

மூடுவதா வேண்டாமா என்று நடந்த கூட்டத்தில் நான் இருபது நிமிஷம் பேசினேன், ஆராய்ச்சிகளை மேற்கோள் காட்டி, ஒரு சிற்றூருக்குப் பள்ளி என்னவாக இருக்கிறது என்றெல்லாம். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து கிழவர் ஹார்ட்விக் எழுந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாகவே கேட்டார்: 'எல்லாம் சரிதான் டீச்சர், உங்க மூணு வீட்லயும் இன்னைக்கு எத்தனை கொழந்த தூங்குது?' யாரும் சிரிக்கவில்லை. நான் குறிப்புத் தாள்களை அடுக்கினேன். பிறகு ஓட்டெடுப்பு நடந்தது.

ஏழு பிள்ளைகளின் பெற்றோரும் இலையுதிர்காலத்துக்குள் ஒவ்வொருவராக நகரத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளை இல்லாததால் பேருந்து இல்லை, பேருந்து இல்லாததால் பனி வழிக்கும் வண்டி பதினொரு மணிக்கு வருகிறது, காற்றடித்தால் மறுநாள் வருகிறது. டிசம்பரில் இரண்டு குடும்பங்கள் மலைச்சாலையை மூடிய தடுப்புக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் காரிலேயே ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போய், அதை எழுதவும் எழுதினார்கள். அதற்குப் பிறகு குளிர்காலப் பதிவுகள் எல்லாம் ரத்து. இந்த ஜனவரியில் மூன்று வீடுகளும் இருட்டாக இருக்கின்றன. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை, வங்கிக்காரர் மட்டும் மாதம் தவறாமல் நலம் விசாரிக்கிறார். அப்பா தன் பழைய படகிலேயே ஹார்ட்விக்கின் மருமகனிடம் கூலிக்குப் போகிறார். அந்தப் பையன் கூச்சப்பட்டுக்கொண்டு சுக்கானை அவரிடமே கொடுக்கிறானாம், அதுதான் தாங்க முடியவில்லை என்கிறார். நான் நகரப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். ராசாவின் நடு மகள் என் வகுப்பில்தான் இருக்கிறாள், வணக்கம் சொல்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். போன வெள்ளி மாலை நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் துடைப்பம் சாத்தியிருந்தது. அப்பா வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால் சமையலறையில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, 'பழகிக்கட்டும்னு' என்றார், யார் என்று சொல்லவில்லை.

உன் செய்தி வந்த அன்றுதான் அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். நீயும் குழந்தையும் வருவதற்கான சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதுவும் இருந்தது, ஆனால் வேறொன்றும் இருந்தது. 'தோர்திஸ், புள்ளைக்கு ஆறு வயசு ஆகுதுல்ல? பள்ளிக்கூடம் போற புள்ள ஒண்ணு இந்த ஊர்ல இருந்தா அவங்க பஸ் விட்டே ஆகணும். பஸ் விட்டா ஆறரைக்கு ரோடு வழிச்சே ஆகணும். ஒரே ஒரு புள்ள போதும்டி!' என்றார். எழுந்து மேஜையைச் சுற்றி நடந்தார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மறுநாள் இடைவேளையில் நானே நகராட்சிக்குப் போன் செய்து, யாருக்கோ கேட்பதுபோல, ஒரே ஒரு பிள்ளைக்காகவும் பேருந்து விடுவீர்களா என்று கேட்டேன். விடுவோம், சட்டம் அப்படி என்றாள் அங்கிருந்த பெண். போனை வைத்த பிறகு நான் முதலில் நினைத்தது அமாயாவை அல்ல, அடுத்த வருஷத்துப் பிப்ரவரிப் பதிவுகளை. உனக்கு வராதே என்று எழுதுகிறவள் அப்படியும் நினைத்தவள்தான் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே வராதே. ஒரு பெரிய பேருந்தில் தனி ஒரு குழந்தை, போக ஒரு மணி பத்து நிமிஷம், வர ஒரு மணி பத்து நிமிஷம், நவம்பரிலிருந்து ஜனவரி வரை போகும்போதும் இருட்டு வரும்போதும் இருட்டு, ஊருக்குத் திரும்பினால் விளையாட ஒரு பிள்ளை இல்லை. நாங்கள் வீடு வாங்கிய தப்பை அவள் உட்கார்ந்து சரிக்கட்ட வேண்டாம். களைப்பாக இருக்கிறது அம்மா என்று நீ நடுவில் எழுதியிருந்த வரியை நான் பார்க்காமல் இல்லை, அதற்குத்தான் பதில் சொல்ல முடியாமல் இத்தனை பக்கம் எழுதுகிறேன். ஜூலையில் நான் அங்கே வந்து உனக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று எழுத ஆசை. ஜூலையில்தான் வீடுகளுக்கு நாலு பேர் வருவார்கள், துணி மாற்றவும் தரை துடைக்கவும் ஊரில் வேறு கை இல்லை. இருந்த ஒரு கையை, ராசாவை, நான்தான் அனுப்பிவைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலையை விடுவதாக யாரிடமாவது சொல்லியிருந்தால் இன்றே திருப்பிச் சொல்லிவிடு. அங்கே மார்ச் முதல் வாரம் பள்ளி திறக்கும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய், பிப்ரவரியிலேயே போய் அமாயாவின் பெயரைப் பதிந்துவிடு, பதிந்ததும் அப்பாவுக்கு நீயே போன் செய்து சொல், நான் சொன்னால் ஒவ்வொரு வெள்ளியும் திரும்பக் கேட்பார். பொட்டலத்தில் உனக்குக் கம்பளிக் கையுறையும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் இருக்கின்றன. அவற்றின் அடியில், இருட்டில் காரின் வெளிச்சம் பட்டால் மின்னும் சின்ன மேல்சட்டை ஒன்று இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அமாயா போட்டுக்கொள்ள அப்பா போன வாரம் வாங்கிவந்து, வாசல் ஆணியில், அவள் உயரத்துக்கு எட்டும்படி தாழ்த்தி மாட்டியிருந்தார். அதை நான் எடுத்து வைத்துவிட்டேன். அங்கே தெருவைக் கடக்கும்போது போடட்டும்.

நீங்கள் இருவரும் எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
தோர்திஸ்