எடைமேடைக்குப் போகும் பாதையில்

இன்று காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சர்க்கரை ஆலையிலிருந்து மொலாசஸ் பாகு ஏற்றிவந்த டேங்கர் லாரி ஒன்று எங்கள் தெருமுனையில் பழுதாகி நின்றிருந்தது. மூடியோரம் கசிந்து கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சி ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோனார்கள். நான் மட்டும் பால் பையோடு நின்றுவிட்டேன். புளிப்பும் இனிப்புமான அந்த வாடையில்தானே நாம் இரண்டு பேரும் பாதி ஆயுசுக்குச் சோறாக்கினோம்.

உன்னோடு பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவசரமில்லை.

ஆலைக் குடியிருப்பில் பாய்லர் லைன் என்று சொல்லுவார்களே, அந்தத் தெருவின் கடைசி இரண்டு வீடுகள் நம்முடையவை. நடுவில் ஒரே சுவர். கல்யாணமாகி, மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து நீ வந்து இறங்கிய மறுநாள், ஷிப்டு மாறுவதற்குச் சங்கு ஊதியதும், "தீ புடிச்சிக்கிச்சாக்கா?" என்று என் சமையலறைக்குள் ஓடிவந்தாய். யார் என்றுகூடத் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்கு அக்கா என்றவள் கடைசிவரை வேறு மாதிரி கூப்பிடவில்லை. மலைச் சாமையைக் குத்த உரல் வேண்டுமென்று அடம்பிடித்து, பின்கட்டில் தரையை வெட்டிப் புதைக்க வைத்தாய். நீ குத்தும்போது என் வீட்டுத் தட்டெல்லாம் அலமாரியில் ஆடும்.

பிறகு அந்த ஐப்பசி. உன் தலைச்சன் பெண்ணுக்குக் கழுத்துகூட நிற்கவில்லை. காய்ச்சல் என்று ஆலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். ஊசி போட்டார்கள். மதியத்துக்குமேல், அந்த வராந்தாவிலேயே, உன் மடியில் அடங்கிவிட்டது. "எங்க ஊருக்கு எடுத்துக்கினு போயிடலாம்க்கா, எங்க ஆளுங்களோட வச்சிடலாம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. லைன் ஆம்பளைகள் நம் தெரு முடிகிற இடத்தில், மதில் ஓரம் நின்ற புங்கமரத்தடியில் குழி வெட்டினார்கள். உன் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு திரும்பி வந்து, உன்னைப் பார்க்க முடியாமல் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உன் வாசலைப் பெருக்கிய கையோடு அந்த மரத்தடியையும் பெருக்கினாய். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பையன்கள் பிறந்தார்கள். பள்ளிக்கூடம் போனார்கள். நீ பெருக்குவதை நிறுத்தவில்லை.

நம் வீட்டுக்காரர்கள் ஓய்வு பெற்றதும் நீ மலைக்குப் போனாய். நான் மகனோடு இங்கே வந்தேன். முதலில் என்னவர் போனார், அப்புறம் உன்னவர். ஆளில்லாத லைன்கள் கூரை ஒழுகி, சுவர் பிளந்து, இடிந்து விழுகிற நிலைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் உன் போன்.

"அக்கா, லைனை இடிச்சிட்டாங்களாம்க்கா. மரத்தையுமா தள்ளியிருப்பாங்க?"

போய்ப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஆலை வாசலில் இறங்கி நின்றோம். காவல்காரர், "உள்ள ஒண்ணுமில்லியேம்மா, இன்னாத்த பாக்கப் போறீங்க?" என்றார். "நாங்க இருந்த வூடு" என்றாய் நீ. அவர் வழிவிட்டார்.

தெரு என்று எதுவும் இல்லை. பாய்லர் லைன், ஃபிட்டர் லைன், குமாஸ்தா தெரு எல்லாம் ஒரே பொட்டலாகி, சீமைக்கருவேல் முளைத்துக் கிடந்தது. தண்ணித் தொட்டி நின்றது. சொசைட்டி கடை கதவில்லாமல் நின்றது. ஆஸ்பத்திரி மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்து, அதே தூண்களோடு இருந்தது. நீ அதன் வராந்தாப் பக்கம் திரும்பவேயில்லை.

மரம் இந்தப் பக்கம் என்று நான் கைகாட்டினேன். இல்லை, அந்தப் பக்கம் என்றாய் நீ. இத்தனை வருஷம் வாழ்ந்த தெருவுக்கு இரண்டு கிழவிகள் சண்டை போட்டோம். கடைசியில் நான் சொசைட்டி கடை வாசலில் நின்று, மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதுபோல நடந்து பார்த்தேன். இடது கைப்பக்கம் தொட்டி வந்ததும் திரும்பினேன். முள்ளுக்கு நடுவே நம் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரை கொஞ்சம் தெரிந்தது. அதற்கப்பால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ காலால் மண்ணைத் தள்ளினாய். உன் உரல். வாய்மட்டம் மண் நிறைந்து, புதைத்த இடத்திலேயே இருந்தது.

"கெடைச்சிடுச்சிக்கா" என்றபோது உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அங்கிருந்து மரத்துக்கு எந்தப் பக்கம் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விறுவிறுவென்று நடந்தாய். நான் பின்னால் வந்தேன். நடந்தவள் திடீரென்று நின்றுவிட்டாய்.

மரம் இல்லை. மதிலும் இல்லை. எடைமேடைக்குக் கரும்பு வண்டிகள் போகிற புதுப்பாதை அங்கே ஓடியது. நீ நின்றது நட்டநடு ரோட்டில்.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்து உன் எதிரில் நின்றது. "ஆயா, ஓரம் போங்க ஆயா" என்று கத்தினான் டிரைவர். உனக்குக் காது கேட்கவில்லை. நான் ஓடிப்போய் அவனிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவன் எஞ்சினை நிறுத்தினான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குதுக்கா" என்றாய் தரையைப் பார்த்து. "எப்பிடித் தூங்குவா?"

நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. "இருங்க ஆயா, பரவால்ல" என்றான் டிரைவர். நீதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாய். "கரும்பு காயும்க்கா. வா, போலாம்."

பஸ்ஸில் திரும்பினோம். சங்கராபுரம் தாண்டியதும், "எனக்கப்புறம் அங்க யாருக்கா போவாங்க?" என்று கேட்டாய். நானும் உன் வயதைத் தாண்டியவள்.

அடுத்த மழைக்குள் நீ போய்விட்டாய். நெஞ்சுவலி என்று மலையிலிருந்து இறக்கும்போதே வழியில் முடிந்துவிட்டதாம். நான் வந்தபோது உனக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு உன் சின்ன மகனைத் தனியாகக் கூப்பிட்டேன். அருவி பார்க்க வருகிறவர்களுக்கு வேன் ஓட்டுகிறானே, அவன். தனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்தது அவனுக்குத் தெரியும். எங்கே வைத்தார்கள் என்று தெரியாது. "மலையிலதான் எங்கியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன் பெரிம்மா" என்றான். போன மாதம் அவன் வேனிலேயே இருவரும் போனோம். கடை வாசலிலிருந்து அவனை நடக்க வைத்தேன். உரலைக் காட்டினேன். அதன் விளிம்பைத் தடவியபடி கொஞ்ச நேரம் குந்தியிருந்தான். பிறகு பாதை ஓரத்துக்குக் கூட்டிப்போய், இங்கேதான் என்றேன்.

ஆலையில் கரும்பு அரவை இல்லாத நேரம். வண்டி எதுவும் இல்லை.

"இன்னா பேரு பெரிம்மா?"

"பேர் வைக்கறதுக்குள்ள போயிட்டாப்பா."

அவன் செல்போனை எடுத்தான். படம் பிடிக்கிறானோ என்று நினைத்தேன். இல்லை, வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து வைக்கிறான். இடத்துக்கு என்ன பெயர் என்று போன் கேட்டது போலிருக்கிறது. கட்டைவிரலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். பிறகு தட்டினான். "உங்களுக்கும் அனுப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

என் போனில் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு அடிக்கடி திறந்து பார்க்கிறேன். வெறும் பொட்டலில் சிவப்பாக ஒரு புள்ளி. அதன்மேல் உன் மகன் எழுதியிருக்கிறான்: அக்கா.