பதினாறு டிகிரியில் நின்ற காற்று

அக்கா,

இன்று காலை உன் லேப்டாப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் அதன் மின்விசிறி பழையபடி இரைய ஆரம்பித்தது. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு கூடத்துக்கு ஓடி வந்தாள். உட்கார்ந்திருந்தது நான் என்று பார்த்ததும் திரும்பிப் போனாள். எட்டு மாதத்துக்கு முன்பு வரை, நீ வீட்டில் இருக்கிறாய் என்பதற்கு அந்த இரைச்சல்தானே அடையாளம்.

அடுத்த வாரம் நான் காலேஜில் சேர்கிறேன், தமிழ் இலக்கியம். லேப்டாப் இனி எனக்கு. "உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சிட்டு புச்சா ஆக்கித் தரச்சொல்லி கடையில சொல்லிட்டேன்" என்றார் அப்பா. அதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திறந்தேன். உனக்குத் தெரியாமல் நான் செய்த குற்றம் ஒன்று அதற்குள் இருந்தது.

கடைசி செமஸ்டர் பிராஜெக்ட் செய்ய நீ சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டாய். திரையில் எப்போதும் ஒரு இறக்கை. விமானம் மெதுவாக இறங்கும்போதும் விழாமல் தாங்க, அதன் முன்னால் ஒரு பட்டை, பின்னால் வளைந்து தொங்கும் ஒரு பட்டை. அதன் மேல் காற்று எப்படிப் போகும் என்று கணினி கணக்குப் போடும். இறக்கையை ஒரு டிகிரி தூக்கிவிட்டு, ஒன்றரை நாள் காத்திருப்பாய். அந்த சிமுலேஷனுக்கு நான் வைத்த பெயர் சும்மாலேஷன்.

"சும்மா ஒக்காந்துகினு இருக்கறதுக்கு ஒரு டிகிரியா?"

"டிகிரி ஒன்னொன்னா தான்டி ஏறும். ஒன்னமாரி எகிறிக் குதிக்காது."

வெள்ளிமலைக்கு உன் தோழி கல்யாணத்துக்குப் போனோமே. பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரல்களை மடக்கினாய். கை தானாக மேலே எழும்பியது. "பஸ்ஸையும் சேத்துத் தூக்கிடாதக்கா, இன்னும் டிக்கெட் எடுக்கல" என்றேன். உள்ளங்கையை இன்னும் நிமிர்த்தினாய். சட்டென்று கை உதறிக்கொண்டு கீழே விழுந்தது. "இதான். எந்த டிகிரில காத்து கைய விட்டுடுதுன்னு கண்டுபுடிக்கணும்." கண்டக்டர் வந்து, "கைய உள்ள வைம்மா, வளைவு வருது" என்றார்.

என் குற்றம் மாசி மாதத்தில். ஒவ்வொரு கோணத்தையும், முந்தைய கோணத்தில் காற்று நின்ற நிலையிலிருந்துதான் தொடங்குவாய். அதற்கு ஒரு கோப்பில் ஒரு வரி. நீ குளிக்கப் போன நேரத்தில், 'நின்ற இடத்திலிருந்து' என்று பொருள்படும் அந்த வரியை 'பூஜ்யத்திலிருந்து' என்று மாற்றிவைத்தேன். உடனே கண்டுபிடித்துத் துரத்துவாய் என்று நினைத்தேன். நீ கவனிக்கவில்லை.

ஒன்றரை நாள் கழித்துப் படம் வந்தது. பதின்மூன்று டிகிரி வரை இறக்கையை ஒட்டியே போன காற்று, பதினாலில் விட்டுப் பிரிந்திருந்தது. இறக்கையின் முதுகு முழுக்க, காற்று ஓடாமல் தேங்கியதைக் காட்டும் நீலம். மூன்று நாளில் ரிவ்யூ. "இல்லங்க சார், நேத்து வரிக்கும் நல்லா தான் இருந்தது" என்று உன் பிராஜெக்ட் சாரிடம் போனில் திரும்பத் திரும்பச் சொன்னாய். அன்று நீ சாப்பிடவில்லை. அருகிலேயே நின்றேன். நான்தான் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை நீ அமைதியாக இருந்தாய். கோப்பில் எதையோ சரிபார்த்துவிட்டுத் திரும்ப ஓட்டினாய். காற்று ஒட்டிக்கொண்டது. இரண்டு படங்களையும் சென்னைக்கு எடுத்துப் போனாய். ஒரே இறக்கை, ஒரே கோணம், ஆனால் காற்று எங்கிருந்து தொடங்கியது என்பதைப் பொறுத்து இரண்டு பதில்கள். சார் அதைத்தான் அதிக நேரம் கேட்டாராம். அதையே கட்டுரையாக எழுது, இன்னும் சில கோணங்கள் ஓட்டு என்றாராம். திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தை என் மடியில் போட்டாய்.

"எதுக்குக்கா?"

"சும்மா."

தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு முழுப் பொட்டலத்தையும் தின்றேன்.

பரீட்சை, வேலை தேடல் என்று நின்று நின்று, ஐப்பசியில் பதினாறு டிகிரி முடித்தாய். அப்புறம் அந்தக் காய்ச்சல். ஒன்பது நாள்.

இன்று அந்தக் கோப்பைத் திறந்தேன். நான் மாற்றிய வரி பழையபடி திருத்தப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், கணினி படிக்காமல் தாண்டிப்போகிற குறிப்பாக, ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாய்: "மறுபடி இதத் தொட்டா கைய ஒடிப்பேன். ஆனா தேங்க்ஸ், கொரங்கு."

சிரித்துவிட்டேன், அக்கா. அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்று எழுத மாட்டேன். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

அப்பாவிடம் போய், "கடைக்கு வேணாம்பா" என்றேன்.

"ஏம்மா?"

"அக்கா வேல இன்னும் ஓடிக்கினு இருக்குது."

அவர் சரியென்று தலையாட்டினார்.

உன் காற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பதினாறைப் பதினேழாக்குவது எப்படி என்று உன் தோளுக்குப் பின்னால் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாற்றிவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை. நின்ற இடத்திலிருந்தே போகட்டும்.

பதினேழில் காற்று பிடித்துக்கொள்ளுமா, விட்டுவிடுமா தெரியாது. மின்விசிறி இரைகிறது. அம்மா மறுபடி வந்தாள். இந்த முறை திரும்பிப் போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னும் எவ்ளோ நேரம்டி ஆவும்?" என்றாள். ஒன்றரை நாள் என்றேன்.

இரண்டு பேரும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்.