ருக்கு நடந்த மரம்

டெலானிபூர்,
புதன்கிழமை

அன்பு மகன் பாலுவுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நீலா எழுதுவது. இங்கே தீவில் எங்கள் உடம்புக்குக் குறையில்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். மனசுக்குத்தான் இங்கே சுகமில்லை. சின்னவள் ருக்குவுக்கு ஒன்பது வயதாகியும் எழுத்து மனதில் நிற்காதது உனக்குத் தெரியும். வகுப்பில் பிள்ளைகள் பாகல், பாகல் என்று இந்தியில் பைத்தியப் பட்டம் கட்டிவிட்டார்கள். டிரில் மாஸ்டர் திருநாவுக்கரசு மட்டும் அவளைச் சாயங்காலத்தில் மர யார்டுக்குக் கூட்டிப்போய், வெட்டிக் கொண்டுவந்து கப்பலுக்குக் காத்துக் கிடந்த பெரிய படாக் மரத்தின் மேல் கைகளை விரித்து நடக்கவிட்டார், பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிப் பிடிக்கச் சொன்னார், பிறகு அந்த மரத்திலேயே உட்காரவைத்து எழுதச் சொன்னார். "ஒடம்பு ஒரு நெலையில நின்னாத்தாம்மா கண்ணு எழுத்துல நிக்கும்" என்பார். உன் அப்பாவோ "மரத்து மேல நடந்தா படிப்பு வருமாடி? அப்ப கொரங்கெல்லாம் கலெக்டராயிருக்கணுமே" என்று சிரித்தார். ஆனால் ஆடி மாதத்துக்குள் நாலு வார்த்தை சேர்த்துப் படித்தாள் பாலு, என் காதால் கேட்டேன். அதோடு சரி. மாஸ்டரைத் தூரத்துக் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மரத்தையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இவள் வெறும் யார்டுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறாள். படித்ததெல்லாம் கலைந்து போயிற்று. இனி அனுப்ப வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று மெட்ராஸில் இருப்பதாக நீ எழுதிய விடுதியில் விட்டுவிட அப்பா முடிவு செய்துவிட்டார், எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. நீ அங்கே விடுதியில் சேர்க்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தந்தி அடித்தால் அடுத்த கப்பலில் கூட்டி வருவார். ராத்திரியில் அவள் பக்கத்தில் யார் படுப்பார்களோ. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. எந்த நோய்நொடியும் அண்டாமல் நீ நல்லபடி இருக்க வேண்டும் பாலு.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லம்

அண்ணா, இனி எழுதுவது அம்மா சொல்லாதது, அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறாள். துறைமுகத்தில் கழித்துப்போட்ட தடித்த கப்பல் கயிறு ஒன்றை முற்றத்தில் நேராகப் போட்டு, ருக்குவை நான் நடக்கவிடுகிறேன். மரம் போல இல்லை, கயிறு உருள்கிறது, விழுந்து அழுகிறாள், பிறகு தானே எழுந்து ஏறுகிறாள். நேற்று அப்படி நடந்துவிட்டு வந்து சிலேட்டில் தன் பெயரில் பாதி எழுதினாள். மீதியை எழுதுவதற்குள் அப்பா சிலேட்டை வாங்கி அவளுடைய மெட்ராஸ் பெட்டியில் வைத்துவிட்டார். கையெழுத்துப் போடாதே அண்ணா.