டேரன் லும்லியின் வாடகையை வீட்டுக்காரருக்கே நேராக அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்
க்ளிஃபர்ட் ஹெப்பிள்,
கிரேன் ஓட்டுநர் (ஓய்வு),
9, ராப்பர் தெரு, வார்டன்பி.

பெறுநர்
வாடகை உதவித்தொகை அலுவலர் அவர்கள்,
வார்டன்பி.

பொருள்: என் அக்கா மகனின் வாடகையை அவன் கையில் தராமல், பழையபடி வீட்டுக்காரருக்கே செலுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாற்பத்தொரு ஆண்டு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். என்னைக் கேட்காமல் ஒரு கப்பலும் கரை அணைந்ததில்லை. என் அக்கா மகன் டேரன் (வயது 34) குட்மன் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறான். பத்தொன்பது வயதிலிருந்து அவனுக்குக் குரல்கள் கேட்கின்றன. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறான். யாருக்கும் தொந்தரவு இல்லாதவன்.

2. பதினோரு ஆண்டுகள் தங்கள் அலுவலகம் தரும் அவன் வாடகைப் பணம் நேராக வீட்டுக்காரருக்குப் போயிற்று. புது முறையில், சென்ற அக்டோபர் முதல் டேரன் கணக்கில் விழுகிறது. அது தவறாக வந்த பணம், வைத்திருந்தால் உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று குரல்கள் சொல்லியிருக்கின்றன. முதல் மாதமே முழுவதையும் எடுத்து, பத்துப் பத்து பவுண்டாக மாடிப்படியை ஒட்டிய வீடுகளின் கதவு இடுக்குகளில் போட்டுவிட்டான். பழுப்பு உறையில் கடிதம் வந்தால் திறக்காமல் ரொட்டி டப்பாவில் திணிக்கிறான். வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீசும் அங்கேதான் கிடந்தது. கெடு மார்ச் 14.

3. டேரனின் எதிர்வீட்டு நார்மன் ப்ரிக்ஸின் வாடகை மட்டும் இன்றும் நேராகப் போகிறது. ஐயா, என் வயிற்றெரிச்சல் இதுதான். நார்மனுக்கு இருப்பது மனச்சோர்வு, ஒரே ஒரு நோய். டேரனுக்கு இரண்டு, அதுவும் பெரிய மருத்துவரே எழுதிக் கொடுத்தவை. நார்மனோ வெள்ளிக்கிழமைதோறும் வினிகர் தெளித்த மீன் வறுவல் வாங்கி வந்து, புதுத் திரைச்சீலைக்குப் பின்னால் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். வினிகர் வாசனை எங்களுக்கு. டேரன் போட்ட பத்து பவுண்டைத் திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் அவர்தான் என்பதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

4. இந்த வேறுபாடு வந்த விதம் இது. புது முறை வருமுன் தங்கள் அலுவலகப் பெண்மணி இரு வீட்டாரிடமும் தொலைபேசியில், "அவரால பணத்தைப் பாத்துக்க முடியுமாங்க?" என்று கேட்டார். நார்மனின் தங்கை ப்ரெண்டா, "அவனுக்கு சாக்ஸ்கூட ஒழுங்கா மாட்டத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டார். டேரனுக்காகப் பேசியவன் நான். "எங்க குடும்பத்துல எல்லாருமே பேங்க் மேனேஜர் மாதிரிம்மா" என்றேன். அப்படியே பதிந்துகொண்டார். இப்போது நார்மன் படிக்கட்டில் என்னைப் பார்த்தால், "என்ன க்ளிஃபர்ட், பேங்க் மேனேஜர் சௌக்கியமா?" என்கிறார்.

5. ஐயா, அது பெருமைக்குச் சொன்னது. டேரனால் பணத்தைப் பார்த்துக்கொள்ள முடியாது. இந்த ஒரு வரிக்கு நான்கு தாள் கிழித்தேன். சாக்ஸ் மாட்டவும் தெரியாது, தேநீர் போடவும் தெரியாது என்றும் சேர்த்துக்கொள்ளவும். வாடகை நேராக வந்தால் நோட்டீசைத் திரும்பப் பெறுவதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே கெடுவுக்குள் ஆணையிட்டு, அவன் வீட்டுச் சாவி அவனிடமே இருக்கும்படி செய்ய வேண்டுகிறேன்.

இடம்: வார்டன்பி
நாள்: 27.02.2017

இங்ஙனம்,
க்ளிஃபர்ட் ஹெப்பிள்

பி.கு.: மனுவை டேரனிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி மாமா. சாக்ஸ் நானே மாட்டிக்குவேன், அதை மட்டும் எடுத்துடுங்க" என்றான். எனவே அந்த வரியைத் தாங்கள் கணக்கில் கொள்ள வேண்டாம். இதை எழுதும்போது நான் குடித்த தேநீரும் அவன் போட்டதுதான். நார்மன் வீட்டுத் தேநீரைவிட நன்றாகவே இருந்தது.