பதிவேட்டில் என் பெயர்

பால்மா, மார்ச் 9

அன்புத் தங்கை பொலோனியாவுக்கு,

நீயும் உன் கணவர் பெரேயும் நலமா? என் நலத்தை நீ கேட்கவில்லை; இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் வேன்களை நிறுத்திக் குடியிருக்கும் திடலில் இருந்த ஒரே தண்ணீர்க் குழாயையும் நேற்று அடைத்துவிட்டார்கள். பக்கத்து வேனில் இருக்கும் ஜுவானா செவிலி. எதிர் வேன்காரர் பேருந்து ஓட்டுநர். நான் சரித்திர ஆசிரியன். ஊரை நடத்துகிறவர்கள் தகரப் பெட்டிக்குள். மூன்று நாள் வந்து போகிறவனுக்குக் கடல் தெரியும் பால்கனி.

இருபத்தொரு வருடம் நான் வாடகை கொடுத்த வீட்டை ஒரு கம்பெனி வாங்கி, என்னை வெளியேற்றி, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறது. அம்மா இந்த ஊரிலுள்ள தன் வீட்டை உன் பெயருக்கு எழுதியபோது, "அவனுக்குத்தான் சர்க்கார் வேலை இருக்கே" என்றாள். நானும் சரி என்றேன். போன நவம்பரிலிருந்து அந்த வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. நான்கு மாதம் வந்து இருக்கட்டுமா என்று கேட்டேன். வெள்ளையடிக்கிறோம் என்று எழுதினாய். நான்கு மாதமாகவா?

இப்போது கேட்பது ஒன்றுதான். நீ சம்மதித்துத்தான் மாநகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில் அந்த விலாசத்தில் என் பெயரைச் சேர்த்தோம். அதை விட்டுவை. பதிவு அறுந்தால், குறைந்த வாடகை வீட்டுக்காக ஆறு வருடமாக நான் நிற்கும் வரிசையிலிருந்து விழுந்துவிடுவேன்.

பதிலைப் பள்ளி விலாசத்துக்கே எழுது.

உன் அண்ணன்,
ரஃபேல்

சரகோசா, மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னை நினைக்காத நாளில்லை. அந்த வேனுக்குள் குளிர் தாங்குகிறதா? கம்பளி போர்த்திக்கொள்கிறாயா?

அண்ணா, வீட்டைப் பயணிகளுக்கு விட்டுத் தரும் ஏஜென்சி, அந்த விலாசத்தில் யார் பெயரும் பதிவில் இருக்கக் கூடாது என்கிறது. இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ சம்மதிக்காமல் நான் எதுவும் செய்ய மாட்டேன், அம்மாவின் ஆத்மா மேல் ஆணை. இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரே வேலைக்குப் போகவில்லை; இனி அந்த வீட்டு வருமானத்தை நம்பித்தான் இருக்கிறோம்.

நீ ஏன் இங்கேயே வந்துவிடக் கூடாது? ஹால் சோபாவை விரித்தால் கட்டில்தான். கோபித்துக்கொள்ளாதே.

உன் பாசமுள்ள,
பொலோனியா

பால்மா, ஏப்ரல் 12

பொலோனியா,

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்தபோது என் வேனருகே ஒரு மாநகரக் காவலன் நின்றிருந்தான். ஜவுமே, என்னிடம் படித்தவன். பதிவில் உள்ளவன் அங்கே குடியில்லை என்று புகார் வந்ததால், அதைச் சரிபார்க்க அம்மா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். துண்டோடு வந்து திறந்த சுவீடன்காரன், ரஃபேல் என்று யாரும் இல்லை என்று சொன்னதோடு, வெந்நீர் வரவில்லை என்று இவனிடமே புகாரும் சொன்னானாம்.

"சார், உங்கள அங்க பாத்தேன்னு எழுதிடறேன். யாரு கேக்கப் போறா?" என்றான்.

"பரீட்சையில எழுதின பொய்யெல்லாம் போதாதா உனக்கு?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். "அப்ப இதையும் பாத்துடுங்க சார். புகார் குடுத்தது வீட்டு ஓனரேதான்."

உன் கையெழுத்து. தேதி மார்ச் 13. என் கடிதம் அப்போதுதான் உன் கைக்கு வந்திருக்கும். அம்மாவின் ஆத்மா மேல் நீ ஆணையிட்டது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

வருமானத்துக்கு வேறு வழியில்லை, புகார் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். பிறகு தங்கைதானே என்று விட்டிருப்பேன். கழுத்தை அறுத்துவிட்டு, அறுக்கட்டுமா என்று கேட்டாயே, கம்பளி போர்த்தச் சொல்லிக்கொண்டு!

உண்மையில் எங்கே தூங்குகிறோமோ அங்கேயே பதியலாம், வேனாக இருந்தாலும் சட்டம் இடம் தருகிறது என்று ஜவுமேதான் சொன்னான். இத்தனை வருடம் சரித்திரம் நடத்திய எனக்கு இது தெரியவில்லை; வேனில் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வெட்கப்பட்டு அம்மா வீட்டைப் பிடித்துத் தொங்கினேன். வியாழக்கிழமை திடலில் இருக்கும் பத்தொன்பது பேர் சேர்ந்து மாநகராட்சிக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவள், "வண்டியெல்லாம் ஒரு விலாசமா?" என்றாள்.

ஜுவானா அசையவில்லை. "உங்க வீட்ல யாராச்சும் ஆஸ்பத்திரில படுத்தா ராத்திரி முழுக்க முழிச்சிருக்கவ நான். நான் எங்க தூங்குறேன்னு எழுதிக்கோங்க. அதான் விலாசம்."

எழுதிக்கொண்டாள். வரிசையில் என் இடம் தப்பியது.

உன் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். பள்ளிக்கு இனி எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திரும்பிவிடும். என் புது விலாசம் மாநகராட்சிக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும். உனக்குத் தரப் போவதில்லை.

ரஃபேல்